கடனாளியின் உடலும் கடனும்

கடன் என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குவது. ஒருவன் செய்யவேண்டிய கடமையும் கடன். இறந்தோர்க்கு ஆற்றுங் கிரியையும் கடன். பிறரிடம் வாங்கிய பணமும் கடன். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தல் அறத்தின்பாற்பட்டது என்ற எண்ணம் இச்சொல்வழக்கினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின் கடனை இறுக்க வகையின்றி நொடித்துப்போனவனை மக்கள் எக்காலத்தும் இருவேறு கண்களால் நோக்கி வந்துள்ளனர். ஒரு கண்ணுக்கு அவன் ஊழால் அடியுண்டவன். மற்றைக் கண்ணுக்கு அவன் பிறர் பொருளை உண்டவன்.

அத்தகையவன் சட்டமறிந்தோரை நாடிச் செல்லுங்கால் கேட்கும் வினாக்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுவதில்லை. தன்னைச் சிறையிடுவரோ? வீடும் தளபாடமும் போய்விடுமோ? இனிமேல் உழைக்கும் பொருளும் கடன் கொடுத்தோர்க்கே உரியதோ? பிள்ளைகளையும் கடன் தொடருமோ? தானாகவே நீதிமன்றஞ் சென்று விடுதலை கேட்கலாமோ? இவ்வினாக்களுக்குச் சட்டம் அளித்த விடைகளின் வரலாறு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றைக் கற்போர் முதலில் மனத்திருத்த வேண்டியது ஒன்றுண்டு. கடனாளியின் உடலை விடுவித்தல் வேறு. அவனைக் கடனிலிருந்து விடுவித்தல் வேறு. முன்னது பழைய உரோமாபுரியிலேயே தொடங்கிற்று. பின்னது தோன்றுவதற்கு அதன் பின்னும் நெடுங்காலஞ் சென்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவோர் பலர். அதனால் விளைந்த மயக்கமும் பெரிது.

உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் கி. மு. 451 - 450 அளவில் எழுந்தது. தீர்ப்புப் பெற்ற கடனை இறுப்பதற்கு முப்பது நாள் தவணை. அது கழிந்தால் கடன் கொடுத்தவன் கடனாளியைக் கையாற் பற்றித் தன் மனைக்குக் கொண்டுசென்று விலங்கிட்டு அறுபது நாள் வைத்திருக்கலாம். அந்நாள்களுள் மூன்று சந்தை நாளில் அவனை வெளியே நிறுத்திக் கடன்தொகையை உரக்கக் கூறல் வேண்டும். உறவினரோ நண்பரோ இரங்கி மீட்பாராயின் நன்று. மீட்பார் இல்லையெனின் அவனைத் தைபர் ஆற்றுக்கு அப்பால் அயலார்க்கு அடிமையாக விற்கலாம், கொல்லவும் செய்யலாம். கடன் கொடுத்தோர் பலராயின் அவனைக் கூறுபோட்டுக்கொள்ளலாம் என்றும் அச்சட்டங் கூறியது. கூறுபோடப்பட்டது உடலோ பொருளோ என்பது அறிஞர் இன்றும் வாதிக்கும் விடயம். அங்ஙனம் எவரும் வெட்டப்பட்டதாகத் தாம் கேட்டதில்லை என்று கெல்லியசு என்னும் உரோம ஆசிரியரின் நூலில் ஒருவர் கூறுகின்றார். சட்டம் கொடியதாயிருந்தமையாலேயே எவரும் அதுவரை செல்லவிடாது கடனைக் கொடுத்தனர் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். இக்காரணம் கடனே கொடுக்க இயலாதவனைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை.

கடனுக்காக உடலைப் பிணைவைக்கும் வழக்கத்தை உரோமர் கி. மு. 326 இல் ஒழித்தனர் என லிவி எழுதுகின்றார். தந்தையின் கடனுக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்த இளைஞன் ஒருவனை வட்டிக்குக் கொடுத்தவன் இழிவாக நடத்த, முதுகிற் கசையடித் தழும்புடன் அவன் தெருவில் ஓடிவந்தான் என்றும், அதனைக் கண்டு மக்கள் கொதித்தெழுந்தனர் என்றும் அவர் கூறுவர். எனினும் தீர்ப்புக் கடனுக்காகச் சிறைப்படுதல் அதனோடு முற்றாக நீங்கவில்லை. சீசரோ, அவர்பின் வந்த அகுசுத்தரோ இயற்றிய யூலியச் சட்டமே கடனாளிக்கு ஒரு வாயிலைத் திறந்தது. தன் ஆதனம் முழுவதையும் கடன் கொடுத்தோர்க்கு ஒப்படைத்துவிடுபவன் சிறைக்கும் பழிக்கும் தப்பலாம். இதனை ஆதன ஒப்படைப்பு எனலாம். உடல் தப்பியது, கடன் தீரவில்லை. ஒப்படைத்த பொருள் போதாதாயின் எஞ்சிய கடன் அவனை விடாது தொடர்ந்தது. பிற்காலத்தில் அவன் தேடும் பொருளில், உயிர்வாழ்வதற்கு வேண்டிய அளவு நீங்கலாக, மற்றையதைக் கடன் கொடுத்தோர் கோரலாம். உரோமரின் வழிவந்த ஐரோப்பிய நாடுகள் யாவும் ஏறக்குறைய ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள் இவ்விடத்திலேயே நின்றுவிட்டன.

நின்றது மட்டுமன்று, ஒப்படைப்புக்குப் பழியையுஞ் சேர்த்தன. இத்தாலியின் பாதுவா நகரில் கடனாளிகள் சாகுமளவும் சிறையிற் கிடத்தலைக் கண்டு இரங்கிய அந்தோனியார், நகராட்சியாரிடம் முறையிட்டார். கத்தோலிக்கர் பெரிதும் போற்றும் அதே அந்தோனியாரே இவர். அவர் வேண்டுகோளின்படி 1231 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு விதி பிறந்தது: பொருளை ஒப்படைப்பவனைச் சிறையிடல் ஆகாது. பின்னாளில் அந்நகர மன்றத்திற் கருங்கல் ஒன்று வைக்கப்பட்டது. கடனாளி ஆடைகளைந்து உட்சட்டையோடு அதன்மீது மும்முறை அமர்ந்து, பொருளனைத்தையும் விட்டேன் எனச் சொல்லல் வேண்டும். இகழ்ச்சிக் கல் எனப் பெயர்பெற்ற அக்கல்லை இன்றும் பாதுவாவிற் காணலாம். சிறையினும் கல் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருமுறை அதன்மேல் அமர்ந்தவனுக்கு அந்நகரில் மீண்டும் கடன் கொடுப்பார் யார்?

ஒல்லாந்து தேசத்திலும் உரோமரின் ஒப்படைப்பு முறையே வழங்கியது. அம்முறை எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காண்பதற்கு ஓவியர் றெம்பிராண்டின் வாழ்க்கையினும் சிறந்த சான்று இல்லை. புகழின் உச்சியில் இருந்தபோது, 1639 இல், அவர் அம்ஸ்ரடாமில் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீட்டை வாங்கினார். விலையின் பெரும்பகுதியை ஆண்டுக்காண்டு செலுத்துவதாக ஒப்பந்தம். பதினான்கு ஆண்டு கழிந்தும் வட்டியும் வரியும் சேர எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட தொகை நிலுவையில் நின்றது. அதனை அடைப்பதற்கு வேறிடத்தில் வாங்கினார். கொர்னேலிஸ் விற்சன் என்பவரிடம் 4,180, இன்னொருவரிடம் 4,200 கில்டர். பழைய கடனைப் புதிய கடனால் அடைப்பவனின் முடிவு யாவரும் அறிந்ததே. 1656 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவர் தாமாகவே விண்ணப்பஞ் செய்து ஆதன ஒப்படைப்புக் கேட்டார். வணிகத்தில் ஏற்பட்ட நட்டமும் கடலில் ஏற்பட்ட இழப்பும் காரணமென விண்ணப்பங் கூறியது. ஊதாரித்தனத்தால் நொடித்தவனுக்கு இச்சலுகை கிட்டாது. ஆதலின் ஊழின்மேற் பழியைப் போடுதல் அக்கால விண்ணப்பங்களின் வழக்கம்.

அம்ஸ்ரடாமில் நொடித்தோர் ஆதனங்களை நிருவகிப்பதற்கென 1643 முதல் ஒரு மன்றம் இருந்தது. புதிய நகர மண்டபத்தில் அம்மன்றத்தின் வாயிலுக்கு மேல், மெழுகுச் சிறகுடன் பறந்து வீழ்ந்த இக்காரசின் உருவமும், வெறும் பெட்டிகளும், எலிகளும் செதுக்கப்பட்டிருந்தன. உள்ளே செல்வோன் தலைநிமிர்ந்தால் அதுவே கண்ணிற்படும். மன்றத்தார் றெம்பிராண்டின் வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் 363 உருப்படிகளைக் குறித்துச் சென்றனர். அவருடைய ஓவியங்கள், அவர் சேர்த்த பிறர் ஓவியங்கள், சிலைகள், சங்குகள், படைக்கலங்கள் யாவும் அப்பட்டியலில் உள. கடன் கொடுத்தோர்க்காக எழுதப்பட்ட அப்பட்டியல் இன்று கலைவரலாற்று அறிஞர் கையிற் கிடைத்தற்கரிய ஆவணமாக விளங்குகின்றது. வீடு 1658 இல் 11,218 கில்டருக்கு ஏலம்போயிற்று. அவ்வாண்டு நகரத் தலைவருள் ஒருவராயிருந்த விற்சன் தம் கடனை முழுவதும் பெற்றுக்கொண்டார். மற்றவர் பெற்ற 4,200 கில்டரோ நிலைக்கவில்லை. மகன் தீத்துவின் தாய்வழிப் பங்கு முந்தியது என அவனுடைய காப்பாளர் வழக்காடி வென்றமையால், அதனைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

மேலுங் கவனிக்கத்தக்கது அடுத்து நிகழ்ந்தது. இனி வரையும் ஓவியங்களும் கடன் கொடுத்தோர் கைக்குச் செல்லுமே என்ற அச்சம் றெம்பிராண்டுக்கு இருந்தது. 1660 மார்கழியில் மகனும், அவருடன் வாழ்ந்த கென்றிக்கே என்னும் பெண்ணும் கூட்டு வணிகம் ஒன்றைத் தொடங்கினர். றெம்பிராண்ட் அதன் பங்காளியல்லர். உணவும் உறைவிடமும் பெறும் உதவியாளர். அவர் வரைவன யாவும் கூட்டுக்குரியன. உலகம் போற்றும் ஓவியர் தம் கையால் வரைந்த படம் தமதன்று என எழுத்திற் கையொப்பமிட்டார். இனி உழைக்கும் பொருள் யாருக்கு என்னும் வினாவுக்கு உரோம ஒல்லாந்தச் சட்டம் அளித்த விடையிலிருந்து தப்ப அவருக்கு வேறு வழியில்லை.

அவர் வீடு ஏலம்போன அதே 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பது நினைவுகூரத்தக்கது. அக்காலத்து ஒல்லாந்த நீதிபதிகள் கற்ற சட்டமே அவர்களோடு இந்நாட்டுக்கும் வந்தது. வங்குரோத்து என இலங்கைத் தமிழர் வழங்குஞ் சொல்லும் ஒல்லாந்தரின் பாங்குறூட் என்பதனோடு இயைந்ததே. மூலம் இத்தாலிய மொழியில் முறிந்த பலகை என்று பொருள்படுவது. நாணயமாற்றுவோன் பலகையை முன்னிட்டு இருந்தே தொழில் செய்வான். தமிழகத்திலோ இதற்கு மஞ்சட் கடிதாசி என்று ஒரு பெயர் உண்டு.

பிள்ளைகளைக் கடன் தொடருமோ என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணத்தார் தம் வழமை ஒன்றை வைத்திருந்தனர். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707 இல் தொகுத்து, பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு விடப்பட்ட தேசவழமை, பெற்றோர் விட்ட கடனை ஆண்மக்கள் இறுத்தல் வேண்டும் என விதிக்கின்றது. உடனே இறுக்க வகையற்றவராயினும் பொறுப்பு அவரைவிட்டு நீங்காது. இது வடமொழித் தரும நூல்களின் கொள்கையோடு உறவுடையது. மனு வகுத்த பதினெட்டு வழக்குத் தலைப்புகளுள் முதலாவது கடன் மீட்டலே. மகன் தந்தையின் கடனைத் தீர்த்தல் அவன் ஆன்மாவுக்குச் செய்யும் உதவி என்பது அந்நூல்களின் கருத்து. ஆயினும் அவை கள்ளுக்கும் சூதுக்கும் பட்ட கடனை மகன் மேற் சுமத்தவில்லை. வட்டிக்கும் ஒரு வரம்பு விதித்தன. ஒருமுறையில் அறவிடும் வட்டி முதலுக்கு மேற்படல் ஆகாது. வியக்கத்தக்க வகையில் உரோம ஒல்லாந்தச் சட்டமும் நிலுவை வட்டி முதலை எட்டியவுடன் நின்றுவிடும் என்றது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே கோட்டிற் சந்தித்துள்ளன. ஆங்கிலர் முறையில் இறந்தோர் ஆதனத்தை நீதிமன்றவழி நிருவகிக்கும் வழக்கம் வந்தபின், மக்கள் மேற் சுமந்த அக்கடன் விதி வலியிழந்தது.

கடனையே அழிக்கும் சட்டம் பிறந்தது இங்கிலாந்தில். அது இரக்கத்திற் பிறந்ததன்று. அந்நாட்டின் முதல் வங்குரோத்துச் சட்டம் எட்டாம் ஹென்றியின் காலத்தது, 1542. பிறர் பொருளை வாங்கி இன்ப வாழ்வில் அழித்துவிட்டு ஓடி ஒளிவோரையே அது குறித்தது. நொடித்தவன் என்றால் கள்வன் என்பதே அதன் துணிபு. 1571 முதல் அச்சட்டம் வணிகர்க்கு மட்டும் உரியதாயிற்று. கடனாளி தானாக மன்றம் புகவும் இயலாது. கடன் கொடுத்தோர் விண்ணப்பித்தாலே உண்டு. முதலாம் ஜேம்சின் காலத்துச் சட்டங்கள் பொருளை ஒளித்தவனைத் தண்டமரத்தில் நிறுத்திக் காதறுக்கவும் இடங்கொடுத்தன. தண்டனை கூடக்கூட ஒளித்தலும் கூடியதேயன்றிக் குறையவில்லை. அதன் காரணம் எளிது. எல்லாவற்றையும் சொன்னவனுக்கும் சொல்லாதவனுக்கும் முடிவு ஒன்றே. இருவரும் சாகுமளவும் கடனாளிகளே. அங்ஙனமாயின் உண்மை சொல்வானேன்?

இம்முடிச்சை 1705 இல் ஆன் அரசியின் காலத்துச் சட்டம் அவிழ்த்தது. றொபின்சன் குறூசோவின் ஆசிரியராகிய டானியல் டீபோ 1692 இல் ஏறக்குறைய 17,000 பவுண் கடனோடு நொடித்தவர். அவர் இச்சட்டத்தின் பொருட்டு இடையறாது எழுதினார். வணிகன் தன் பொருள் முழுவதையும் ஒளிவின்றி வெளிப்படுத்தினால், பழைய கடன்கள் யாவும் அற்றுப்போகும்; மீட்ட பொருளிற் சிறுபங்கும் தொழிலை மீண்டும் தொடங்குவதற்காக அவனுக்கே கொடுக்கப்படும். ஒளித்தவனுக்கு மரண தண்டனை. இரண்டும் ஒரே சட்டத்தில் அருகருகே நின்றன. லண்டன் துணி வணிகராகிய ஜோன் பெரொற் என்பவர், கணக்கிற் காணாமற்போன பெருந்தொகைக்கு விடை சொல்ல இயலாமல் 1761 இல் ஸ்மித்பீல்டில் தூக்கிலிடப்பட்டார். அத்தண்டனை 1820 இல் நீக்கப்பட்டது. கடன் கொடுத்தோர்க்கு வேண்டியிருந்தது கடனாளியின் வாயிலிருந்து உண்மை. அவ்வுண்மைக்கு அவர் கொடுத்த விலையே கடன் விடுதலை. வரலாற்றில் அருள் எனக் கொண்டாடப்படுவன பல இவ்வாறே பேரத்திற் பிறந்தன.

விலை கொடுப்பதிலும் அவர் கஞ்சத்தனமாகவே இருந்தனர். அடுத்த ஆண்டே, கடன் கொடுத்தோருள் ஐந்தில் நான்கு பங்கினர் இசைந்தாலன்றி விடுதலைச் சான்று இல்லை எனத் திருத்தினர். வணிகரல்லாதார்க்கோ இவ்வாயில் 1861 வரை திறக்கவேயில்லை. உழவனும் ஆசிரியனும் எழுதுவினைஞனும் கடன்பட்டால் அவர்க்குச் சிறையே கதி. பிளீற், மார்ஷல்சீ முதலிய கடன் சிறைகள் சாகாக் குடும்பங்களால் நிறைந்திருந்தன. உணவுக்கு அரசு பொறுப்பன்று. 1759 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வறிய கடனாளியைத் தொடர்ந்து சிறையில் வைத்திருக்க விரும்புபவன் நாளொன்றுக்கு நாலு பென்ஸ் படிக்காசு கட்டல் வேண்டும். சிறையிலிருப்பவன் உழைக்க இயலாது. உழையாதவன் கடனை இறுக்க இயலாது. இத்துணை எளிய கணக்கை ஒரு பேரரசு நூற்றாண்டுகளாக உணரவில்லை. சாமுவேல் ஜோன்சன் போன்றோர் அக்காலத்திலேயே இதனைக் கண்டித்து எழுதினர்.

சாள்ஸ் டிக்கின்சின் தந்தை 1824 மாசியில் ஓர் அப்ப வணிகருக்குக் கொடுக்கவேண்டிய நாற்பது பவுண் சொச்சத்துக்காக மார்ஷல்சீ சிறை புகுந்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவன் சப்பாத்து மை செய்யுந் தொழிற்சாலையிற் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டச் சென்றான். தந்தை வெளிவரக் கருதியது 1813 முதல் இயங்கிய நொடித்த கடனாளர் மன்றத்தின் வழி. அதன் விதிப்படி கடனாளியும் அவன் குடும்பத்தாரும் வைத்திருக்கும் உடையும் கைப்பொருளும் இருபது பவுணுக்கு மேற்படல் ஆகாது. ஆகவே சிறுவனையும் மதிப்பீட்டாளர் முன் நிறுத்தினர். அவன் சட்டைப் பையில் பாட்டி கொடுத்த பருத்த வெள்ளிக் கடிகாரம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதன் ஒலி கேட்டுவிடுமோ என அஞ்சி நின்றான். உண்டுகொண்டிருந்த மதிப்பீட்டாளர் எழுந்துவந்து, அவனுடைய தொப்பியையும் காற்சட்டையையும் ஒரு நோக்கு நோக்கிப் போதும் எனப் போக்கிவிட்டார். எவையெவை எஞ்சும் என்னும் வினா சட்டநூலில் ஒரு பிரிவு; அக்குழந்தைக்கு அது ஒரு கடிகாரம். அம்மன்றம் அளித்த விடுதலையும் பழைய உரோம ஒப்படைப்புப் போன்றதே. உடல் வெளிவந்தது, பின்வரும் பொருளின்மேற் கடன் நின்றது. கடனுக்குச் சிறை என்னும் விதியை 1869 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக நீக்கிற்று. வகையிருந்தும் கொடாதவன்போன்ற சிலரை மட்டும் விட்டுவைத்தது.

இலங்கைக்கு இவ்விடயம் கோப்பியோடு வந்தது. 1847 அளவிற் கோப்பி விலை வீழ்ந்தமையாற் தோட்டங்கள் பல அடிமாட்டு விலைக்குப் போயின. ஆறாண்டின் பின் 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது 1849 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைப் பெரும்பாலும் பின்பற்றியது. ஆனால் வணிகர்க்கு மட்டும் என்னுங் கட்டை இங்கே வைக்கவில்லை. நொடித்தவன் தானே மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதனம் பொறுப்பாளர் கைக்குச் செல்லும். விசாரணை நடக்குங்கால் கைதுசெய்தலினின்று காப்பு உண்டு. முடிவில் நீதிபதி சான்று வழங்குவார். 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைக் கோவை, கடனாளியின் உடுபுடைவை, படுக்கை, தொழிற்கருவி முதலியவற்றைப் பறிமுதலினின்று விலக்கிற்று. எனினும் அதே கோவை தீர்ப்புக் கடனாளியைச் சிறைப்படுத்தும் வழியையும், சிறைப்படுத்துவோன் படி கட்டும் விதியையும் தன்னுள் வைத்திருந்தது. இங்கிலாந்து இருபதாண்டின்முன் கைவிட்டதை இந்நாடு எழுதி வைத்துக்கொண்டது.

சிறை முற்றாக நீங்கிய இடத்தும் மோசடிக்குத் தண்டனை நீங்குவதில்லை என்பதையும் மறத்தலாகாது. 1906 ஐப்பசியிற் சென்னையின் ஆபத்நொற் கொம்பனி முறிந்தபோது தென்னாட்டிற் பல்லாயிரவர் தம் சேமிப்பை இழந்தனர். அதன் தலைவர் சேர் ஜோர்ஜ் ஆபத்நொற் அடுத்த ஆண்டு பதினெட்டு மாதக் கடுங்காவற்றண்டனை பெற்றார். அது கடன்பட்டமைக்காக அன்று, மோசடிக்காக. அவ்வழிவின் சூட்டிலேயே 1907 இல் இந்தியன் வங்கி தோன்றிற்று.

1853 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திற் சான்றுகள் மூவகைப்படும். தவிர்க்கவொண்ணாத இழப்பால் நொடித்தவனுக்கு முதலாம் வகுப்பு. ஓரளவு தன் பிழையாலும் நொடித்தவனுக்கு இரண்டாம் வகுப்பு. இழப்பு ஏதுமின்றித் தன் செயலாலேயே நொடித்தவனுக்கு மூன்றாம் வகுப்பு. கடன் மூவருக்கும் ஒருபடியாகவே தீர்ந்தது. ஆயினும் மூன்றாம் வகுப்புச் சான்றோடு கடைத்தெருவுக்குத் திரும்பியவன் பாதுவாவின் கல்லைத் தன் சட்டைப் பையிற் கொண்டுசென்றவனாவான். ஊழையும் பிழையையும் நிறுத்துப் பார்க்கும் தராசு எந்த நீதிபதியிடமும் இல்லை என்பதனை ஆங்கிலர் பன்னிரண்டு ஆண்டிற் கண்டுகொண்டு 1861 இல் அவ்வகுப்புமுறையை ஒழித்தனர். இலங்கையின் சட்டநூலில் அம்மூன்று வகுப்புகளும் அதன் பின்னும் நின்றன.